படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் 'துரைமார் வரைந்த நம் ஊர்' என்று இரண்டு பக்கம் ஒதுக்கி ஏழு பழைய படங்களை வெளியிட்டிருந்தீர்கள். நாவிதர், பல்லக்குத் தூக்கிகள், ஆற்றுத்துறை, சந்தை, ஓலை எழுதும் கணக்குப்பிள்ளை என்று பக்கம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் வரைந்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, நாம் பார்ப்பது கையால் வரைந்த மூலமா அல்லது அச்சா என்ற விவரம் ஒரு படத்துக்குக் கீழேயும் இல்லை. ஏழுக்கும் சேர்த்து 'பிரிட்டிஷ் ஓவியர்கள் வரைந்தவை' என்று ஒரே ஒரு வரி. பழைய தாள் ஓவியங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் எங்களுக்கு இது மனதை உறுத்தியது. கேமரா வருவதற்கு முன் சாதாரண சனங்கள் எதை உடுத்தினார்கள், எதில் உட்கார்ந்தார்கள், சுமையை எப்படித் தூக்கினார்கள் என்பதற்குக் கண்ணால் காணும் சாட்சி மிகக் குறைவு. இருக்கும் சாட்சியையும் பெயர், ஊர் கேட்காமல் கூண்டில் ஏற்றினால் அது எதையும் சொல்லும்.

முதலில் 'ஓவியர்கள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இந்தப் படங்களை வரைந்தவர்களில் பெரும்பாலானோர் பீரங்கிப்படை அதிகாரிகள், கலெக்டர்கள், நில அளவையாளர்கள், அவர்களுடைய மனைவிமார், சகோதரிகள். படம் வரைவது அவர்களுக்குத் தொழில் அல்ல. ஆனால் வரையத் தெரிந்திருப்பது வேலையின் ஒரு பகுதி. வூல்விச் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் 1768 முதல் ஓவிய ஆசிரியராக இருந்தவர் பால் சாண்ட்பி. அன்றைய இங்கிலாந்தின் முதல்தர நீர்வண்ண ஓவியர்களில் ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ராணுவ மாணவர்களுக்காக 1809-ல் இங்கிலாந்தின் ஆடிஸ்கோம்பில் தொடங்கிய பள்ளியிலும் ஓவியம் பாடமாக இருந்தது. கோட்டைச் சுவர் எங்கே தாழ்கிறது, ஆறு எங்கே இறங்கிக் கடக்கத் தோதாக இருக்கிறது என்று தாளில் காட்டத் தெரியாத அதிகாரி அன்றைக்குப் பாதி அதிகாரிதான். வசதியான வீட்டுப் பெண்களுக்கு வீட்டிலேயே ஓவிய ஆசிரியர் வந்து சொல்லிக் கொடுத்தார்.

அப்படிப் பழகிய கைகள்தான் இங்கே வந்து வரைந்தன. பாட்னாவில் அபினி ஏஜெண்டாக இருந்த சார்லஸ் டாய்லி, டாக்காவில் இருந்தபோது ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் சின்னரியிடம் பாடம் கேட்டவர். 1824-ல் பாட்னாவில் பொழுதுபோக்கு ஓவியர்களுக்கென ஒரு சங்கமே தொடங்கினார், கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சுக் கூடமும் வைத்தார். கவர்னர் ஜெனரல் ஆக்லண்டின் சகோதரி எமிலி ஈடன் 1836 முதல் 1842 வரை இங்கே இருந்தார். அலகாபாத்தில் வாழ்ந்த ஃபேனி பார்க்ஸ், ஆண்களால் நுழைய முடியாத அந்தப்புரங்களுக்குள் போய் வந்தார். வில்லியம் டெய்லர் வங்காள சிவில் உத்தியோகஸ்தர். வெள்ளைக்கார இளைஞர் ஒருவரின் காலை அலங்காரத்துக்கு எத்தனை பணியாட்கள் சூழ நின்றார்கள் என்பதை 1842-ல் லண்டனில் வெளியான அவருடைய படத்தில் காணலாம். நம் பக்கத்துக்கு வந்தால், பீரங்கிப்படை கேப்டன் சார்லஸ் கோல்ட் 1791 முதல் 1798 வரை வரைந்தவற்றை 1806-ல் வெளியிட்டார். கேப்டன் ரிச்சர்ட் பாரனின் நீலகிரிப் படங்கள் 1837-ல் வந்தன. கவர்னர் ஜெனரல் கானிங்கின் மனைவி லேடி கானிங் 1858-ல் நீலகிரிக்கு வந்து தங்கி வரைந்தார். அவருடைய நீர்வண்ணங்கள் சுமார் 350, இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. இவர்களில் ஒவ்வொருவர் நின்ற இடமும் வேறு, பார்த்ததும் வேறு. 'பிரிட்டிஷ் ஓவியர்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் இத்தனை பேரும் கரைந்து போகிறார்கள்.

இப்போது உங்கள் பக்கத்தின் மூன்றாவது படத்துக்கு வருகிறோம். கணக்குப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஓலை வலக்கையில், எழுத்தாணி இடக்கையில். இடக்கைப் பழக்கம் உள்ளவராக இருக்கலாம் என்று விட்டுவிடலாம். ஆனால் பூணூலும் வலத்தோளில் தொடங்கி இடப்பக்கம் இறங்குகிறது. தர்ப்பணம் செய்யும்போதுதான் பூணூலை அப்படி மாற்றிப் போடுவார்கள். கணக்கு எழுத உட்கார்ந்தவருக்கு அதற்கு வேலையில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் இடவலம் மாறியிருக்கிறது என்பது உறுதி.

இந்தத் தவறு இரண்டு இடங்களில் நடக்கும். செப்புத் தகட்டிலோ கல்லிலோ எப்படி வரைகிறோமோ அதற்கு நேர்மாறாகத்தான் அச்சு விழும். அதனால் செதுக்குபவர் மூலப்படத்தைத் திருப்பிப் போட்டுத் தகட்டில் ஏற்ற வேண்டும், அல்லது கண்ணாடியில் பார்த்து வரைய வேண்டும். அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டால் வாள் வலது இடுப்புக்குப் போகும், சாப்பிடுகிறவர் இடக்கையால் சாப்பிடுவார். இன்னொரு இடம் இன்றைய பத்திரிகை அலுவலகம். பக்க வடிவமைப்பில் முகம் உள்பக்கம் பார்க்கட்டும் என்று படத்தைத் திருப்பிப் போடுவது வழக்கம்தான். உங்கள் படத்தில் தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, படத்தின் கீழே அச்சாகியிருக்கும் எழுத்து. எழுத்து நேராக இருந்து உருவம் மட்டும் மாறியிருந்தால் அந்தக் காலத்துச் செதுக்குபவர் செய்தது. எழுத்தும் இடவலம் மாறித் தெரிந்தால் இன்றைக்குத் திருப்பியது. அந்த எழுத்தைத்தான் ஓரத்தோடு வெட்டிவிட்டீர்கள்.

அந்த ஓரத்தில் என்னென்ன இருக்கும் தெரியுமா? அச்சுப்படத்தின் இடது கீழ்மூலையில் பெயருக்குப் பின்னால் 'டெல்' என்று சுருக்கமாக இருந்தால் அவர் வரைந்தவர். வலது மூலையில் 'ஸ்கல்ப்' என்று இருந்தால் தகட்டில் செதுக்கியவர். 'லித்' என்று இருந்தால் கல்லச்சுக்காரர். நடுவில் காட்சியின் பெயர், அதற்குக் கீழே பதிப்பித்தவர், ஊர், தேதி. நாங்கள் கேட்கும் குறிப்பு பெரும்பாலும் அந்தத் தாளிலேயே அச்சாகிக் கிடக்கிறது. ஸ்கேன் செய்பவர் 'அழுக்கு ஓரம்' என்று நினைத்து வெட்டுகிறார்.

வரைந்தவர் வேறு, செதுக்கியவர் வேறு என்பதைச் சிறு விஷயமாக நினைக்க வேண்டாம். எமிலி ஈடனின் படங்கள் 1844-ல் 24 தகடுகளாக வெளிவந்தபோது, அவற்றைக் கல்லில் ஏற்றியவர் லண்டனில் இருந்த லோவெஸ் டிக்கின்சன். இங்கே கூடாரத்தில் பென்சிலால் போட்ட கோட்டுக்கும் லண்டனில் கல்லில் விழுந்த கோட்டுக்கும் நடுவே, இந்த மண்ணைப் பார்க்காத ஒருவரின் கை நிற்கிறது. மூக்கு நீளும், மரம் ஐரோப்பிய மரம் போல ஆகும், கொசுவத்தின் மடிப்பு கிரேக்கச் சிலையின் மடிப்பாகும். உடையை ஆராய்கிறவர் அச்சுப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லக் கூடாது என்பது இதனால்தான்.

இரண்டு ஆண்டுகளும் தேவை. கோல்டின் படத்துக்கு 1806 என்று மட்டும் போட்டால், 1790-களின் காட்சி அடுத்த நூற்றாண்டுக்குப் போய்விடும். அந்த இடைவெளிக்குள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, தஞ்சாவூர் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது, ஆர்க்காட்டு நவாபின் நாடும் போனது.

அடுத்தது நிறம். உங்கள் ஐந்தாவது படம் ஆற்றுத்துறை. அதன் பக்கத்தில் 'செவ்வானம் படர்ந்த அந்தி நேரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். வானம் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் குடம் தூக்கிப் போகும் பெண்ணின் நிழலைப் பாருங்கள். அது காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. உச்சிவெயில் நேரம் அது. அந்தியாக இருந்தால் நிழல் ஆளை விட நீளமாக விழுந்திருக்கும். வானம் சிவந்ததற்குக் காரணம் சூரியன் அல்ல, அவுரி. மேகத்துக்குச் சாம்பல் நிறம் வேண்டும் என்றால் அவுரி நீலத்தையும் செங்காவியையும் கலந்து பூசுவது அன்றைய வழக்கம். செங்காவி இரும்புத் துரு. எத்தனை வெளிச்சம் பட்டாலும் மாறாது. அவுரி நீலமோ வெளிச்சம் பட்டால் மெல்ல மெல்ல வெளிறும். படத்தைச் சட்டமிட்டுப் பல ஆண்டுகள் வெளிச்சத்தில் மாட்டி வைத்தால் நீலம் போய் சிவப்பு மட்டும் நிற்கும். மழைமேகம் செவ்வானம் ஆகிவிடும்.

இலைகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். நீலத்தோடு காம்போஜ் என்ற மரப்பிசின் மஞ்சளைக் கலந்துதான் பச்சை உண்டாக்கினார்கள். அந்த மஞ்சள் முதலில் வெளிறினால் மாமரம் நீலம் பூத்து நிற்கும். வெள்ளை வேட்டியின் விளிம்பு கறுத்திருந்தால் அது அழுக்கோ கறுப்புக் கரையோ அல்ல. ஈய வெள்ளையைத் தொட்டு வைத்திருக்கிறார்கள், காற்றிலுள்ள கந்தக வாயு பட்டு அது கறுத்துவிட்டது. 1834-ல் நீர்வண்ணத்துக்கான துத்தநாக வெள்ளை விற்பனைக்கு வந்தது. அதற்கு இந்தக் கோளாறு இல்லை. மூல நிறம் எது என்று அறியச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. சட்டத்தைப் பிரித்து, படத்தைச் சுற்றி வைத்த மவுண்ட் அட்டையின் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த கால் அங்குலப் பட்டையைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்தில் நீலம் நீலமாகவே இருக்கும்.

இதெல்லாம் கையால் வரைந்த மூலத்துக்கு. அச்சுப்படத்தின் நிறத்தை இன்னும் குறைவாகத்தான் நம்ப வேண்டும். அக்குவாடிண்ட் என்பது செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்கவிட்டு எடுக்கும் அச்சு. பெரும்பாலும் ஒன்றிரண்டு மைகளில்தான் அச்சாகும். மற்ற நிறங்களை வண்ணம் பூசும் கூலியாட்கள், முன்னால் வைத்த ஒரு மாதிரியைப் பார்த்துத் தாள் தாளாகப் பூசினார்கள். அதனால் ஒரே தகட்டின் இரண்டு பிரதிகளில் ஒரே பெண்ணின் சேலை ஒன்றில் சிவப்பாகவும் இன்னொன்றில் ஊதாவாகவும் இருக்கக் காணலாம். 'அந்தக் காலத்தில் இன்ன சாதியார் இன்ன நிறம் உடுத்தினார்கள்' என்று இத்தகைய பிரதி ஒன்றை வைத்து எழுதுவது ஆபத்து.

மூலமா அச்சா என்று அறியப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். மூல நீர்வண்ணத்தில் வண்ணத் துகள் தாளின் பள்ளங்களில் படிந்திருக்கும், அடியில் பென்சில் கோடு தெரியும், சில சமயம் 'சிவப்பு', 'நீலம்' என்று நினைவுக்காகப் பென்சிலால் குறித்த எழுத்தும் இருக்கும். அக்குவாடிண்டில் நிழல் பகுதி முழுவதும் காய்ந்த ஏரிப்படுகை வெடித்ததுபோல மிக நுண்ணிய வலை தெரியும், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் இருக்கும். கல்லச்சில் அந்தப் பள்ளம் இருக்காது, கொழுப்புக் கட்டியால் தேய்த்த சொரசொரப்பு இருக்கும். வரிசை தப்பாத வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது இந்தக் காலத்து ஆஃப்செட் நகல்.

மூலமாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் வாட்மன் ஆலைத் தாளில் 1794-க்குப் பிறகு நீர்க்குறியோடு (தாளுக்குள்ளேயே தெரியும் ஆலையின் அடையாளம்) ஆண்டும் பல சமயம் இருக்கும். நீர்க்குறி 1811 என்று சொல்கிறது, படத்தின் மூலையில் 1805 என்று மையால் எழுதியிருக்கிறது என்றால் அது பின்னால் எடுத்த நகல். வரைந்தவர்களே தங்கள் படங்களை நண்பர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் ஆல்பத்தைப் பார்த்து இன்னொருவர் வரைவதும் சாதாரணம். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர ஐந்தாறு மாதம் ஆகும், அதற்குப் பிறகு தாள் கடையில் கிடக்கும் காலம் வேறு. நீர்க்குறி ஆண்டுக்கு மேல் ஒன்றிரண்டு ஆண்டாவது கூட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

சில படங்களில் வானத்தில் திட்டுத் திட்டாகக் கறை தெரிவதையும் 'திறமைக் குறைவு' என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது நியாயம் இல்லை. அந்தத் தாளுக்கு மேல் விலங்குப் பசை பூசியிருப்பார்கள். அந்தப் பசைதான் வண்ணத்தை மேலே நிறுத்தி வைக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை முதலில் தின்பது அதைத்தான். பசை போன இடத்தில் தாள் மையொற்றும் தாள் ஆகிவிடும். தூரிகை பட்டதும் வண்ணம் உள்ளே இறங்கிப் புள்ளி விழும், அதை எடுக்கவே முடியாது. சித்திரை வெயிலில் வேறு தொல்லை. வானத்துக்கு நீரோட்டமாக ஒரு பூச்சு இழுத்து மறு ஓரம் போவதற்குள் முதல் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளின் பின்பக்கத்தை நனைத்துக்கொண்டு வரைவது அதற்கு ஒரு வழி. 1780-களில் ரீவ்ஸ் கடையார் விற்ற வண்ணம் கட்டி கட்டியாக இருக்கும். தண்ணீர் விட்டுப் பீங்கான் தட்டில் உரசி எடுக்க வேண்டும். ஈரம் காயாத வண்ணக் கிண்ணங்கள் 1830-களில்தான் வந்தன. அதனால் சந்தையில் நின்று பென்சிலால் கோடு போட்டு, மாலையில் கூடாரத்தில் உட்கார்ந்து வண்ணம் தீட்டினார்கள். முன்னால் நிற்கும் மாடும் தயிர்க்காரியும் வேறொரு ஊரில் வேறொரு தாளில் வரைந்ததாக இருக்கலாம். வெறும் தரை அழகாக இல்லை என்று கொண்டுவந்து வைப்பது அன்றைய படப் பாடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். பின்னணிக் கோபுரத்தையும் முன்னால் நிற்கும் ஆளையும் ஒரே ஊரென்று எடுத்துக்கொள்ளும் முன் இதை நினைக்க வேண்டும்.

எதை வரையவில்லை என்பதும் முக்கியம். காசு கொடுத்தால் நிற்கக்கூடியவர்கள், வீட்டு வேலையாட்கள், வழியில் அகப்பட்ட பண்டாரங்கள், பக்கிரிகள் இவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். எமிலி ஈடன் 1838-ன் தொடக்கத்தில் கான்பூர் பக்கம் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மக்களைப் பார்த்து மனம் பதறிக் கடிதம் எழுதினார். அவருடைய 24 தகடுகளில் மன்னர்களும் வீரர்களும் குதிரைகளும் இருக்கிறார்கள், அந்த மக்கள் இல்லை.

ஏழாவது படத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. கணவனும் மனைவியுமாக இருவர், கையில் தறிச் சாமான், பின்னால் மெல்லிய நீலம், காலடியில் ஒரு துண்டுத் தரை. இது பிரிட்டிஷார் வரைந்தது அல்ல. முச்சி என்று அழைக்கப்பட்ட தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்காகத் தொழில் வாரியாக, ஜோடி ஜோடியாகத் தீட்டிய வரிசையைச் சேர்ந்தது. தாள் ஐரோப்பியத் தாள், வாங்கியவர் ஐரோப்பியர், கை நம்முடையது. கேப்டன் கோல்டே தன் புத்தகத்தில், கால் ஊனமான யாசகர் குடும்பத்தைக் காட்டும் படம் ஒன்றைத் தஞ்சாவூர் முச்சி ஓவியத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லிப் போட்டிருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பீரங்கிப்படைக்காரர் கொடுத்த மரியாதையை, தமிழில் வரும் பத்திரிகை கொடுக்காமல் விடலாமா? பாட்னாவில் டாய்லிக்குக் கை கொடுத்த ஓவியர் ஜெயராம் தாஸின் பெயர் தெரியும். வேலூர் எல்லப்பா 1830-களில், தான் உட்கார்ந்து படம் தீட்டுவதைத் தானே வரைந்து வைத்திருக்கிறார். பெரும்பாலானவர்களின் பெயர் கிடைக்கவில்லை. கிடைக்காதபோது 'தஞ்சாவூர் ஓவியர், பெயர் தெரியவில்லை' என்று போடுவதுதான் முறை. அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

வாசகர்கள் தங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களை அனுப்பலாம் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதோடு சில எச்சரிக்கைகளையும் வெளியிடுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிரிக்க முடியாது. செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சுருக்கம் போக இஸ்திரி போட வேண்டாம். கண்ணாடியோடு தாள் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நிழலான பகல் வெளிச்சம் போதும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் தெரிய எடுக்க வேண்டும். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு வரி முன்பக்கத்தை விட அதிகம் சொல்லும். மறுபடி மாட்டுவதானால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் ஆகாது. மியூசியங்கள் நீர்வண்ணத்துக்கு அனுமதிப்பது 50 லக்ஸ் வெளிச்சம் மட்டுமே. அட்டையில் பொருத்த மைதாப் பசை வேண்டாம், பூச்சி வரும். ஒரு பங்கு கோதுமை ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஜப்பான் தாளில் இரண்டு சிறு கீல்கள் செய்து, மேல் விளிம்பில் மட்டும் ஒட்டினால் போதும். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் உப்பும், கோடையில் சுருங்கிக் கிழியும்.

வரும் ஞாயிறன்று அதே ஏழு படங்களுக்கும் திருத்திய குறிப்புகளைச் சிறு எழுத்திலாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். வரைந்தவர், செதுக்கியவர், வரைந்த ஆண்டு, அச்சான ஆண்டு, ஊர், மூலமா அச்சா, இப்போது இருக்கும் இடம் என்று படத்துக்கு மூன்று வரி போதும். மூன்றாவது படத்தை நேராகத் திருப்பிப் போடுங்கள். ஐந்தாவதன் பக்கத்திலிருந்து 'அந்தி நேரம்' என்பதை எடுத்துவிடுங்கள். ஸ்கேன் கோப்புகளை வெட்டாமல் அனுப்பினால், ஓரத்து எழுத்தைப் படித்து எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தாள் ஓவியப் பராமரிப்பில் உள்ள வாசகர்கள்,
தஞ்சாவூர்.